கேட்டது யாரை

கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி மறைகிறது. பழைய மடிக்கணினியின் விசிறி மூச்சு வாங்குகிறது. ஜன்னல் வெயில் விசைப்பலகைக்கு ஏறிவிட்டது. குழந்தைகள் வளர்ந்தபின் அவளுக்கு அமைந்திருக்கும் வேலை இது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் அந்த அலுவலகத்தின் மென்பொருள் அறுபத்துநான்கு பிட் பிராசஸரில்தான் ஓடுமாம். அப்படி ஒன்று இருக்கிறதா என்று மாலைக்குள் எழுத வேண்டும். கணினி எந்த வகை என்று கேட்கும் uname -m கட்டளையைத் தட்டுகிறாள். i686 என்று பதில் வருகிறது. அப்படியென்றால் வெறும் முப்பத்திரண்டு பிட். “என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” கணினியைக் கொடுத்த நாத்தனார் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள். “இதுக்கு அந்த வேலைக்கு வக்கில்லையாம்.” “ஐயோ, இது பிராசஸர் சொன்னதில்ல. அதுமேல ஏத்தியிருக்கிற சிஸ்டம் சொன்னது. மருமகளக் கேட்டா எங்கம்மா பதில் சொல்லுவாங்களே, அந்தக் கதை. பிராசஸரையே கேக்கணும்னா lscpu அடிங்க.” இருவரும் சிரிக்கிறார்கள். எழுத்துகளைத் தட்டியபின் விரல் என்டர் பொத்தான்மேல் தயங்கி, அழுத்துகிறது. வரிகள் சரசரவென்று இறங்குகின்றன. மேலே ஒரு வரியில் 32-bit, 64-bit. “பாத்தீங்களா, ரெண்டும் முடியும். சிஸ்டத்த மாத்தினாப் போதும்.” அடுத்த அறையில் மாமியார் யாருக்கோ போனில் சொல்வது கேட்கிறது: “மருமகளா? அவளுக்கென்ன, வீட்ல சும்மாதான் இருக்கா.” நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் பதில் எழுதுகிறாள்: ‘இருக்கிறது.’