பெயரில் ஒரு எழுத்து

ஞாயிறு பூசை முடிந்த தேவாலயக் கூடத்தில் காபி மணக்கிறது. நெப்ராஸ்காவின் இந்தச் சிற்றூரில், போன வாரம் இறைச்சி ஆலை வாசலில் பதினோரு பேரைக் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக்கொண்டுபோனதிலிருந்து, குடியேற்ற ஆவணம் இல்லாத டெல்மிக்குத் தூக்கமில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் கையெழுத்துக்குச் சான்றளிக்கும் நோட்டரி, தன் முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, டெல்மிக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்க வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. அதனால் ஒன்பது வயது மகள் யாரெலியே, அம்மா கையெழுத்துப் போடவேண்டிய ஆங்கிலப் பத்திரத்தை ஸ்பானிஷில் படித்துச் சொல்கிறாள். "அம்மாவைப் பிடிச்சிட்டுப் போனா..." விரல் அந்த வரியிலேயே நிற்கிறது. "படி தங்கம்," என்கிறாள் டெல்மி. "...பிள்ளையைப் பக்கத்து வீட்டு நோயெமி வச்சுப் பாத்துக்கலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அவங்களே கையெழுத்துப் போடலாம்." அருகில் நோயெமி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். டெல்மி பேனாவை எடுக்கிறாள். "இரும்மா! என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு." அதையே அவள் ஆங்கிலத்திலும் சொல்ல, பரவாயில்லை என்பதுபோல் நோட்டரி கையசைக்கிறார். யாரெலி பத்திரத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொள்கிறாள். "தப்பா இருந்தா, இது நான் இல்லைன்னு சொல்லி என்னை வேற எங்கயாவது கொண்டுபோயிடுவாங்கம்மா." டெல்மி பேனாவை அவளிடம் நீட்டுகிறாள். யாரெலி தப்பை அடித்துவிட்டு, தன் பெயரை எழுத்தெழுத்தாக, அழுத்தமாக எழுதி முடிக்கிறாள். அம்மா கையெழுத்துப் போடும்போது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.