முதல் கியர்

"இறங்குங்க, இறங்குங்க. இதுக்கு மேல வண்டி போகாது" என்றார் எத்திராஜ்.

பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளை பிரசன்னா எட்டிப் பார்த்தான். ஆவடி மார்க்கெட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டராவது இருக்கும்.

"மார்க்கெட் பக்கத்துலயே பார்க்கிங் இருக்கே மாமா?"

"இருக்கு. அது வரைக்கும் நெரிசல்ல யார் போறது? முதல் கியர்ல ஊர்ந்தா பெட்ரோலைக் குடிக்கும் மாப்பிள்ளை!"

"பெட்ரோல் நான் போடறேன் மாமா. பாவம், அத்தை இந்த வெயில்ல..."

"இன்னைக்கு நீங்க போடுவீங்க. வாராவாரம் யார் போடறது?"

மாமியார் கலைவாணி அதற்குள் பையோடு இறங்கிவிட்டாள். "வாங்க மாப்பிள்ளை. பெட்ரோல் விக்கிற விலைக்கு நடந்தாத்தான் என்ன? காலா தேஞ்சிடும்?"

பிரசன்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவில்பதாகையில் சொந்த வீடு, நல்ல வேலை. இந்த மனிதருக்குப் பெண்டாட்டியைவிடப் பெட்ரோல் பெரிதா?

காய்க்கடை வேம்புலி பார்த்ததுமே சிரித்தான்.

"இன்னா நைனா, இன்னிக்கும் நடந்தா? காரை ஊட்ல பூஜைக்கா வச்சிகினு கீறே?"

எத்திராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிரசன்னாவுக்குத்தான் மானம் போயிற்று.

கலைவாணி மீன்காரியோடு பேரத்தில் இறங்கியதும், மாமனாரை இளநீர்க் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"தப்பா நினைக்காதீங்க மாமா. இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது."

எத்திராஜ் மனைவி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தைக்கு சுகர் ஏறிக்கிட்டே போகுது மாப்பிள்ளை. நடந்தே ஆகணும்னுட்டார் டாக்டர். 'தெருவே வேடிக்கை பார்க்க நான் வாக்கிங் போகணுமா?'ன்னு ஒரே சண்டை. ஆனா பெட்ரோல் மிச்சம்னு சொல்லுங்க, பூந்தமல்லி வரைக்கும் நடப்பா! வாயைத் திறந்துடாதீங்க. விஷயம் தெரிஞ்சா அடுத்த வாரமே காரை விட்டு இறங்கமாட்டா."

இளநீருக்குப் பிரசன்னாவே முந்திக்கொண்டு காசு கொடுத்தான். ஒரு மனிதரை எவ்வளவு சீக்கிரம் எடைபோட்டுவிட்டோம்!

திரும்பும்போது கனமான பையோடு எத்திராஜ் முன்னால் நடந்தார். மாமியாரின் பையை வாங்கிக்கொண்ட பிரசன்னா, ரகசியத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில் சும்மா சொல்லி வைத்தான்:

"மாமா ரொம்பத்தான் சிக்கனம், இல்ல அத்தை?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க மாப்பிள்ளை."

கணவர் எட்டத்தில்தான் போகிறார் என்று பார்த்துக்கொண்டு, கலைவாணி கிசுகிசுத்தாள்.

"அவருக்கு பிரஷர். டாக்டர் நடக்கச் சொன்னா, 'நான் என்ன கிழவனா?'ன்னு குதிக்கிறார். முதல் கியர்ல ஊர்ந்தா பெட்ரோலைக் குடிக்கும்னு அவர் காதுல போட்டு வச்சதே நான்தான்!"