மாம்பழக் கலர் ஹெல்மெட்

"ஒரே ஒரு ஹெல்மெட்டுக்கா கண்ணு கையெழுத்து போட்டுட்ட?"

சரோஜம்மாள் கேட்டுவிட்டு, ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் ரோலை மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். ஓசூரில் ரத்தினவேலின் ஹெல்மெட் கம்பெனியில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

ஸோயா மாம்பழ மஞ்சளில் பளபளத்த அந்த ஹெல்மெட்டைக் கலர் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்ஜினியரிங் கடைசி வருஷம். மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள்.

"நேத்து என்னா பேச்சு பேசின! டெஸ்ட்ல பாஸானாத்தான் முத்திரை, ஃபெயிலானா ஒட்டின அத்தனையும் உரிச்சு எறியணும், அதான் சட்டம்னு மொதலாளியவே நிக்க வெச்சுக் கேட்டியே!"

கேட்டது உண்மைதான்.

நேற்று, ஒரே தவணையில் தயாரான இந்த மஞ்சள் லாட்டில் மூன்றை எடுத்து, தலை பொம்மையில் மாட்டி, மெஷினில் மேலிருந்து போட்டுப் பார்த்தாள். மூன்றும் பிளந்தன. உள்ளே வைத்த தெர்மகோல் மட்டமான சரக்கு. ஐநூறு ஹெல்மெட்டிலும் அதே சரக்கு. ஐநூறிலும் முத்திரை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. இங்கே அப்படித்தான். கல்யாணத்தை முடித்துவிட்டு ஜாதகம் பார்ப்பார்கள்.

"மெஷின் பழசும்மா. அது சொல்றதை எல்லாம் நம்பாதே," என்றார் ரத்தினவேல். "டெஸ்ட் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடு. ஆயுத பூஜை முடிஞ்ச கையோட லாரி பெங்களூர் கிளம்பணும்."

"மெஷின் பழசுன்னா புதுசு வாங்குங்க சார். தலைக்குத்தான் ஸ்பேர் கிடைக்காது."

"உனக்கு டிரெய்னிங் சர்டிபிகேட் வேணுமா, வேண்டாமா?"

ஸோயா ரெஜிஸ்டரைத் தொடாமலே கிளம்பிவிட்டாள்.

இன்று காலை அவளே ரெஜிஸ்டரை எடுத்துவந்து, அவர் கண்ணெதிரில் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்கு இந்த லாட்ல ஒரு ஹெல்மெட் வேணும் சார்."

ரத்தினவேல் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்ளோதானா? ரெண்டா எடுத்துக்கோம்மா!" கையெழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரெஜிஸ்டரை மூடினார்.

"வாய் பெருசா இருந்தா விலை கம்மியாத்தான் இருக்கும்போல," என்றாள் சரோஜம்மாள் இப்போது, பார்சலைப் பார்த்தபடி.

லாரி டிரைவர் மாதவன் எட்டிப் பார்த்தான். "பாப்பா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன். தலையில மாட்ட மாட்டேன். கவுத்து வெச்சுக் கோழிக்குத் தீனி போடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸோயாவும் சிரித்தாள். அதுதான் சரோஜம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

கேட்டருகே பூஜை. மிச்ச ஹெல்மெட்டையெல்லாம் ஏற்றிய லாரியும், ரத்தினவேல் மகன் விமல்ராஜின் புது பைக்கும் சந்தனம் குங்குமத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம். தட்டில் இரண்டு வண்டிச் சாவிகளும். எல்லோர் கையிலும் பொரி கடலை.

மாதவன் பூசணிக்காயைச் சுற்றி ரோட்டில் போட்டான். சிதறிப்போனது.

ரத்தினவேல் ஓரமாக நின்று பெங்களூர் டீலரிடம் போனில், "பர்த்தா இதே சார், லாரி பர்த்தா இதே!" என்று, லாரி வந்துகொண்டே இருப்பதாகக் கன்னடத்தில் குழைந்துகொண்டிருந்தார்.

"விமல், புது பைக்குக்கு என்னோட கிஃப்ட்," என்று பார்சலை நீட்டினாள் ஸோயா.

"ஐ! நம்ம கம்பெனி பீஸ்! தேங்க்ஸ்க்கா!"

அவன் அங்கேயே மாட்டி, வாரை 'கிளிக்' என்று பூட்டினான். பைக்கில் ஏறி உட்கார்ந்தான்.

"அப்பா, ஹைவேல கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன். தட்டுல இருந்த சாவி எங்க?"

ரத்தினவேல் போனோடு திரும்பினார். மாம்பழ மஞ்சள் கண்ணில் பட்டது.

"டேய்! கழட்டுடா அதை!"

போன் கைநழுவித் தரையில் விழுந்தது. பாய்ந்துவந்து மகனின் தாடைக்குக் கீழே வாரோடு மல்லுக்கட்டினார்.

"இதைப் போட்டுக்கிட்டு ஹைவேல போவியா? விழுந்தியானா மண்டை அந்தப் பூசணிக்காய்தான்டா!"

"ஐ.எஸ்.ஐ. ஒட்டியிருக்கேப்பா?"

"ஸ்டிக்கராடா தலையைக் காப்பாத்தும்?"

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேர். ஒருவர் வாயிலும் பொரி அசையவில்லை. கீழே கிடந்த போன்மட்டும், "ஹலோ? ஏனாயித்து சார், என்னாச்சு? ஹலோ?" என்று கத்திக்கொண்டிருந்தது.

ஸோயா மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே பைக் சாவி.

"மெஷின் பழசு, அது சொல்றதை நம்பாதேன்னீங்க சார். அதான் வேற டெஸ்ட் வெச்சேன்."

மாதவன் சத்தமில்லாமல் லாரி டயருக்கடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சரோஜம்மாள் அதற்குள் விமல்ராஜின் ஹெல்மெட்டை வாங்கி, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள்.

ஸோயா கூடவே கொண்டுவந்திருந்த ரெஜிஸ்டரைத் திறந்து நீட்டினாள். தேதி இருந்தது. லாட் நம்பர் இருந்தது. அவள் கையெழுத்து இருந்தது. 'முடிவு' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"கையெழுத்து என்னோடது சார். ரிசல்ட் நீங்க சொன்னது. உங்க கையாலயே எழுதிடுங்க."