ஏழாம் அத்தியாயம்

ஜினேஷ் தன் சேர்க்கைத் தாளில் அப்பாவின் செல் நம்பருக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

"அப்பா நம்பர் எங்கடா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"அப்பா இல்லக்கா."

கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மேல் அவனைப் பேச விடாமல் ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கையில் திணித்தாள்.

சோதனையைப் பாருங்கள். வேங்கிக்காலில் ஒரு மாடி அறையைப் பிடித்து, சிறுவர் வாசிப்பு வட்டம் என்று பெயர் வைத்து, இன்றுதான் முதல் கூட்டம். ஒன்பது பிள்ளைகளுக்கும் போன வாரமே கொடுத்துப் படிக்கச் சொன்ன நாவலோ, அப்பாவை இழந்த ஒரு குடும்பத்தின் கதை. ஏழாம் அத்தியாயத்தில் அவர் செத்துப்போகிறார். முதல் நாளே ஒரு குழந்தையை அழ வைத்து வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பாவம் தன்னை விடாது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த அத்தியாயத்தைத் தொடாமலே ஒப்பேற்றிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

அப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் கவிநிலா. பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். தாளை வாங்கி மூலையில் குந்தி எழுதியவள் பாதியில் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, லேட்னு போடணுமாக்கா?"

"பத்து நிமிஷந்தானே, அதெல்லாம் ஒண்ணும் போட வேணாம். வா, உக்காரு."

கவிநிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒரு கோடு போட்டுத் தாளை நீட்டினாள். ரொம்பக் கண்டிப்பான டீச்சரிடம் மாட்டிய பிள்ளை போலிருக்கிறது என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டாள்.

பேச்சு களைகட்டியது. கதையில் ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டதில் பிள்ளைகளுக்கு ஆத்திரமான ஆத்திரம். யாராவது 'அப்பா' என்று ஆரம்பித்தாலே கஸ்தூரி அவசரமாக ஆட்டுக்குட்டிக்குத் தாவினாள். கூடவே ஜினேஷுக்கு இன்னொரு மிட்டாய். எதற்கென்றே தெரியாமல் அவன் மூன்றாவதை மென்றுகொண்டிருந்தான்.

"ஏழாவது நான் படிக்கிறேன்க்கா." கவிநிலா எழுந்தே நின்றுவிட்டாள்.

தடுக்க ஒரு சாக்குக் கிடைப்பதற்குள் தொடங்கிவிட்டாள். கணீரென்ற குரல். ஓர் இடத்திலும் திக்கவில்லை. கஸ்தூரி ஜினேஷின் தலையைத் தடவிக்கொடுத்தபடியே இருந்தாள். அவன் நெளிந்தான்.

கதையில் வரும் பெண், அப்பா இறந்ததைப் புதுப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்வதில்லை. அவள் பொய்க்காரி என்றான் மாறன்.

"பொய் எங்க சொன்னா? யாரும் கேக்கல, அவளும் சொல்லல. அவ்ளோதான்" என்று கவிநிலா ஒரே போடாகப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். கஸ்தூரியும்தான்.

ஆறு மணிக்கு வாசலில் ஒரு மொபட் வந்து நின்றது. "அப்பா!" என்று கத்திக்கொண்டு எழுந்தான் ஜினேஷ்.

கஸ்தூரி திறந்த வாய் மூடவில்லை.

"காலைல ஆரணி போயிட்டாருக்கா, நம்பர் கேக்க முடியல. அதான் இல்லன்னேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கவிநிலா கடைசியாக, அழைத்துப்போக வந்த அம்மாவின் கையை ஆட்டிக்கொண்டே, அடுத்த வாரமும் வருவேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாடா. ஒரு பிள்ளையும் கண்கலங்காமல் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கஸ்தூரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தாள்களை அடுக்கினாள். கவிநிலாவின் தாள் அடியில் இருந்தது. முத்து முத்தான எழுத்து. ஒரே ஓர் இடத்தில்தான் அடித்தல்.

தந்தை பெயர் என்ற இடத்தில் 'லேட் பிரகாஷ்' என்று எழுதி, 'லேட்'டை மட்டும் ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள்.