மெயிலைப் பத்திரப்படுத்திய கம்ப்யூட்டர்

ஒரு வீட்டு மேஜைமேல் கம்ப்யூட்டர் ஒன்றும், அதன் காலடியில், கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க யுபிஎஸ் ஒன்றும் இருந்தனவாம். அன்றைக்கு அமுதவல்லி கம்ப்யூட்டரை அணைக்காமலே ஆபீசுக்கு ஓடிவிட்டாள்.

"அண்ணே, பள்ளிக்கூடத்து மெயில் வந்திருக்கு! பாப்பாவுக்கு இடம் கிடைச்சிருச்சு. இன்னிக்கே சம்மதம் சொல்லணுமாம், இல்லேன்னா வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்களாம்" என்றது கம்ப்யூட்டர்.

"ஐயோ, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவளுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? எனக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஒரே தபால்பெட்டி. வந்ததுமே நான் இழுத்துக்கிட்டேன்."

"ஒரு நகலாவது அங்கே விட்டிருக்கலாமே தம்பி?"

"விட்டா தொலைஞ்சுபோகும். என்கிட்டதான் பத்திரம்."

மதியம் பள்ளிக்கூடம் மறுபடி எழுதியது. அதையும் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டது.

"சாயங்காலம் கடைசியா ஒரு தடவை எழுதுவாங்களாம். அதையும் பிடிச்சுடுவேன்!"



சாயங்காலம் நெருங்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது.

"பிடிச்சுக்கண்ணே! விட்டுடாதே! இன்னும் ஒரு மெயில் வரணும்!"

தாங்கிப் பிடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத யுபிஎஸ், அன்று கையை விட்டது. திரை இருண்டது.

கடைசி மெயில் ஆபீசில் போய் இறங்கியது. அமுதவல்லி உடனே சம்மதம் எழுதி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகுதான் இருண்ட கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"என்னங்க, அஞ்சு நிமிஷ கரண்ட் கட்டைக்கூடத் தாங்கலை இந்த யுபிஎஸ். நாளைக்கே வேற வாங்கிடுங்க" என்றாள் கணவனிடம்.