ஓவனுக்கு முதுகு காட்டி

இரண்டாவது கேக் ஓவனுக்குள் மெல்ல உப்பத் தொடங்கியிருக்கிறது. முதல் கேக் மேசைமேல் கிடக்கிறது, நடுவில் குழி விழுந்து, மேலெல்லாம் பல்குச்சி குத்திய துளைகளோடு. ஓவன் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் தரையில் சிந்திய மாவின்மேல் விழுகிறது. அவள் அசந்துபோய்க் கண்ணயர்ந்த நேரத்தில், வெந்துவிட்டதா என்று கணவன் கதவைத் திறந்து திறந்து குத்திப் பார்த்ததில், சூடு போய் அது பொசுக்கென்று அமுங்கிவிட்டது. “என்னை எழுப்பியிருக்கலாமேங்க?” என்கிறாள், மறுபடியும். “குறட்டை விட்டுத் தூங்கினியே, எழுப்ப மனசு வரல.” திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. திரும்பவும் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, நுரை உடையாமல் மாவோடு மடித்து மடித்துக் கலந்ததில் அவள் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. சாயங்காலம் கேக் வாங்க ஆள் வந்துவிடும். வீட்டில் இனி ஒரு முட்டைகூட இல்லை. அவன் நாற்காலியை ஓவன் முன்னால் இழுத்துப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். “இப்ப நிம்மதியா தூங்கு. நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்.” அவள் மேசையில் தலை சாய்க்கிறாள். கண்கள் சொருகுகின்றன, வாய் லேசாகத் திறந்துகொள்கிறது. மடியில் கிடக்கும் கை மட்டும் பல்குச்சி டப்பாவை இறுகப் பிடித்திருக்கிறது.