நாலு சிலிண்டர்

"பானெட்டைத் திறடா வெண்டல். உள்ளே என்ன ஒளிச்சு வச்சிருக்கேன்னு ஊரே பாக்கட்டும்!"

கர்டிஸ் கத்தியதும் கூட்டம் முழுக்கச் சிரித்தது.

சனிக்கிழமை காலை. ஹேசல் பார்க் ஊரில், கோனி டாக் என்கிற சாசேஜ் பன் விற்கும் கடைக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. வாரா வாரம் இங்கே கூடித் தங்கள் வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

கர்டிஸ் முஸ்டாங் கட்சி. வெண்டல் கமாரோ கட்சி. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே தொழிற்சாலை, ஒரே காலை ஷிப்ட். இருபது வருடமாக இரண்டு பேருக்கும் இதே சண்டை.

இரண்டு கார் கம்பெனியும் அடுத்தடுத்துத் தங்கள் வண்டியை அடியோடு மாற்றியிருந்தன. கர்டிஸ் புது முஸ்டாங்கை முன்பே வாங்கிவிட்டான். வெண்டலின் புது கமாரோ இந்த வாரம்தான் வந்திருந்தது.

"முகம் நல்லாத்தான் இருக்கு. கடிக்க வர்ற நாய் மாதிரி," என்றபடி கர்டிஸ் அதைச் சுற்றி வந்தான். "ஆனா ஜன்னலைப் பாரு. தபால் பெட்டி வாய் இதைவிடப் பெரிசு. உள்ளே உக்காந்தா சிக்னல் தெரியுமாடா?"

"உன்னோடது மட்டும் என்னவாம்?" வெண்டல் விடவில்லை. "பின்னாடி அந்த மூணு கோடு விளக்கைக் கழட்டிட்டா, அது எந்த வண்டின்னு உனக்கே தெரியாது."

"அழகை விடுங்கப்பா, இன்ஜினைக் காட்டுங்க," என்றான் கூட்டத்தில் நின்ற ஹார்லன்.

வெண்டல் தயங்கினான். கர்டிஸ் அவனை விலக்கிவிட்டு, தானே பானெட்டைத் தூக்கினான்.

"நாலு சிலிண்டரா?"

"டர்போ இருக்கு," என்றான் வெண்டல், மெல்லிய குரலில்.

"எட்டு சிலிண்டருக்குக் குறைஞ்சா அது வண்டியே இல்லைன்னு இருபது வருஷமா என் காதுல ஓதினவன்டா நீ! இது என்ன, தையல் மிஷினா?"

"எனக்குப் போதும்னு தோணுச்சு, கர்டிஸ்."

"பெட்ரோல் போட பயமா? இல்ல, வயசாயிடுச்சா?"

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான்.

கர்டிஸ் தன் முஸ்டாங்கில் ஏறி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். கடையின் கண்ணாடி அதிர்ந்தது. "கேட்டியா? இது புலி!" இறங்கி வந்து வெண்டலின் காருக்குப் பக்கத்தில் குனிந்து, "மியாவ்!" என்றான்.

அது எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. ஆளாளுக்கு மியாவ் மியாவ் என்று கத்தினார்கள். வெண்டலின் காது மடல் சிவந்தது. பாதி தின்ற கோனி டாக்கை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். அது சத்தமே இல்லாமல் நழுவிப் போனது. அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கர்டிஸுக்கு என்னவோ உறுத்தியது. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிறவன் வெண்டல். இன்றைக்கு ஏன் தலையைக் குனிந்துகொண்டான்?

அவன் மனைவி லோரீன் சோபாவில் சாய்ந்திருந்தாள். புற்றுநோய் மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நடந்ததை நடித்தே காட்டினான்.

அவள் சிரிக்கவில்லை.

"நீயும் மியாவ்னு கத்தினியா?"

"நான்தான் ஆரம்பிச்சேன்!"

லோரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த நாலு சிலிண்டரை அவரு எனக்காக வாங்கினாரு, கர்டிஸ்."

"உனக்காகவா?"

"ராத்திரி பூரா வலி. விடியற நேரத்துலதான் கொஞ்சம் கண்ணு அசரும். அந்த நேரம் பாத்து ஷிப்டுக்கு வண்டி கிளம்பும். அந்தச் சத்தத்துல தூக்கிவாரிப் போடும். அப்புறம் தூக்கமே வராது. ஒரு நாள் அந்த நேரத்துல நான் ஜன்னல்கிட்ட காதைப் பொத்திக்கிட்டு நின்னதை அவரு பாத்துட்டாரு. சாயங்காலம் வந்து விசாரிச்சாரு."

கர்டிஸ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தினமும் கேக்கறேனே லோரீன்... நல்லா தூங்கினேன்னுதானே சொல்றே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

'மியாவ்' என்று கத்தியது காதுக்குள் கேட்டது. அதுவும் அவன் குரலிலேயே. அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் அவனை..." சட்டென்று எழுந்து சாவியை எடுத்தான். "அவனை என் வண்டியிலேயே ஏத்திக்கிட்டுப் போறேன். அதே இடத்துல, அத்தனை பேர் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

"கர்டிஸ், கொஞ்சம் நில்லு."

அவள் குரலில் இருந்த களைப்பு அவனை நிறுத்தியது.

"அன்னிக்கு அவரு கேட்டப்ப நான் மறைக்கலை. ரெண்டு வண்டியும்தான் எழுப்புதுன்னு சொன்னேன். அதுக்கு அவரு, 'கர்டிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. நீங்க படுத்ததுலேருந்து, அந்த வண்டியைப் பாத்தாதான் அவன் முகத்துல சிரிப்பே வருது. என்னோடதை நான் மாத்திக்கறேன், ஒரு சத்தமாவது குறையட்டும்'னு சொல்லிட்டுப் போனாரு."